ஓடுகிற பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு?



ஓட்டத்தில் சிறந்த பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தி, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கோ பரிசுப் பணம் தரும் மாரத்தான்களுக்கோ அனுப்பிவிட வேண்டும் என்று நம்மில் சிலர் வாதிடுகின்றனர். "காலில் வலு இருக்கும்போதே காசு பார்க்க வேண்டாமா?" என்கின்றனர். வறுமையில் பிறக்கும் அக்கேள்வியை நான் இகழேன். அதன் முடிவையே மறுக்கிறேன்.

நம் தல்லாகுளத்திலேயே அதற்கு விடை உண்டு. சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து, பாட்டியின் கூலி உழைப்பில் வளர்ந்தவர். வெறுங்காலுடன் ஓடிய அவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பாட்டியின் தயக்கத்தை நீக்கி, லேடி டோக் கல்லூரியில் கட்டணமின்றி இடமும் விடுதியும் பெற்றுத்தந்தார். கல்லூரி அவரது ஓட்டத்தை நிறுத்தவில்லை. மூன்று வேளை உணவும் பயிற்சியும் தந்து வளர்த்தது. பாட்டியாலா தேசிய முகாமும் இரயில்வே வேலையும் அதன்பின் வந்தவையே. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

அவர் ஓடியது 400 மீட்டர். நெடுந்தூர ஓட்டக்காரருக்கோ அவசரம் இன்னும் குறைவு. கென்யாவின் கிப்சோகே 2022இல் பெர்லினில் மாரத்தான் உலக சாதனை படைத்தபோது அவருக்கு வயது 37. (ஓட்டக்காரனின் இச்சையடக்கத்தைக் கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டிய பவுலும் பொறுமையைத்தான் போதித்தார்.) பதினேழு வயதில் காலை விலைபேசினால், ஒரு தசைநார் கிழிந்த நாளில் அப்பிள்ளை கையில் என்ன இருக்கும்?

"விடுதிக் கட்டணத்திற்கு வழியில்லையே, ஐயா" என்பீர்கள். அசன விருந்துக்குத் தயக்கமின்றிக் காணிக்கை சேர்க்கிற சபை நாம். ஒரு பிள்ளையின் மூன்றாண்டு விடுதிச் செலவை நாம் ஏன் ஏற்கலாகாது? அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முன்வைப்பேன். மறுப்போர் காரணத்தோடு வாருங்கள்.