காதைத் திறந்துகொண்டு கிள்ளானில் நடங்கள்

ஜப்பானின் வடக்கே, இவாத்தே மாநிலத்தில் தோனோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் மலை, நடுவில் வயல். அங்கே ஒரு புத்தர் கோயிலுக்குப் பின்னால் சின்ன ஓடை. அதில் 'கப்பா' என்ற நீர்ப்பூதம் வசிக்கிறதாம். அதன் உச்சந்தலையில் ஒரு குழி, குழியில் தண்ணீர். தண்ணீர் கொட்டிப் போனால் பூதத்தின் பலமும் போய்விடும். வெள்ளரிக்காய் என்றால் அதற்கு உயிர். ஊர்ச் சுற்றுலாச் சங்கமே கப்பா பிடிப்பதற்கு உரிமச் சீட்டு விற்கிறது. அதில் விதிமுறைகளும் உண்டு: காயம்படாமல் பிடிக்க வேண்டும், காய்கறியைத்தான் இரையாக வைக்க வேண்டும்!

இந்தக் கதைகள் பிழைத்திருப்பதற்கு இரண்டு பேர் காரணம். சசாக்கி கிசென் என்ற உள்ளூர் இளைஞர் சொன்னார். யனகித்தா குனியோ என்ற அரசாங்க அதிகாரி கேட்டு எழுதினார். 119 கதைகள் கொண்ட அந்தப் புத்தகம் 1910-இல் வந்தது. முதலில் அச்சானது வெறும் 350 படிகள். இன்று அந்தப் புத்தகத்தை நம்பித்தான் ஊருக்கு ஆள் வருகிறது.

விளையாட்டுக் கதை மட்டும் இல்லை. 1750-களில் அந்தப் பக்கம் கொடும் பஞ்சம். செத்துப்போனவர்களுக்காக ஒரு துறவி காட்டுப் பாறைகளில் உருவங்களைச் செதுக்கினார். சுமார் 380 உருவங்கள், பாசி பிடித்து இன்னும் கிடக்கின்றன. கப்பாவைத் தேடி வருகிறவர்கள் நடந்துபோய் அவற்றையும் பார்க்கலாம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஓர் ஆசை. நம் ஊரிலும் இப்படிக் கதை கேட்டுக்கொண்டே நடந்தால் என்ன?

நான் இருப்பது சுங்கை வே. இந்தப் பெயரிலிருந்துதான் 'சன்வே' பிறந்தது என்பது இங்கேயே வளரும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. ஈயம் தோண்டிய பள்ளம் இப்போது நீர் விளையாட்டுப் பூங்கா. ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் நேராகக் கிள்ளான். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரைக்கும் 1886-இலேயே ரயில் ஓடியது. பாலம் கட்டி, ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குள் ரயில் வந்தது 1890-இல்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பழைய கடைவீதி. கோப்பிக் கடையில் உட்கார்ந்தாலே முதல் கதை கிடைத்துவிடும். கிள்ளான் என்றதும் சீனர்கள் சொல்லும் 'பா குட் தே'யில் வரும் 'தே' தேநீர் இல்லையாம். அந்தக் காலத்தில் அதைச் சமைத்து விற்றவரின் பெயராம். "அதெல்லாம் இல்லை, தேநீர்தான்" என்று பக்கத்து மேசைக்காரர் மறுப்பார். மறுக்க ஆள் இருக்கும் வரைக்கும் கதைக்கு உயிர் இருக்கிறது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கெடோங் ராஜா அப்துல்லா. 1857-இல் கட்டியது. ராஜா அப்துல்லாவுக்கு வீடும் அதுதான், ஈயக் கிடங்கும் அதுதான். அதே ஆண்டில் அவர் அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றோடு மேலே போய், கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் இறங்கி அம்பாங் காட்டுக்குள் நுழைந்தார்கள். ஒரு மாதத்தில் மிஞ்சியவர்கள் 18 பேர். மற்றவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. அவர்கள் இறங்கிய அந்தச் சேற்று முனைதான் கோலாலம்பூர். தலைநகரத்தின் முதல் கணக்குப் புத்தகம் கிள்ளானில்தான் திறந்தது என்று நான் சொல்வதுண்டு.

அருகிலேயே ராஜா மஹாடி கோட்டை வாசல். 1867-இல் தொடங்கி ஏழு ஆண்டுகள் நடந்த கிள்ளான் போரின் நினைவு அது. கொஞ்சம் தள்ளி, வெள்ளை வெளேரென்று சுல்தான் சுலைமான் கட்டடம். 1909-இல் ஹப்பேக் வரைந்தது. கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் மஸ்ஜிட் ஜாமெக்கையும் வடிவமைத்த அதே மனிதர். இப்போது அது அரச காட்சிக்கூடம். ஜப்பானியர் காலத்தில் ராணுவத்தார் அங்கே குடியிருந்தார்கள்.

இதுவரைக்கும் எல்லாமே பலகையில் எழுதியிருக்கும். ராஜா, போர், கட்டடக் கலைஞர், ஆண்டு. அடுத்து ஜாலான் தெங்கு கெலானாவுக்குள் நுழையுங்கள். பூ, முறுக்கு, பட்டுப்புடவை, பள்ளிவாசல், தீபாவளிக் கூட்டம். நம் தெரு. ஆனால் இந்தத் தெருவுக்குச் சம்பள நாளில் சாமான் வாங்க வந்த தோட்டத்து மக்களின் கதையை எந்தப் பலகையில் தேடுவது?

ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். 1941. உலகப் போரால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. பால் வெட்டியவர்களின் கூலி மட்டும் அதற்கேற்ப ஏறவில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னின்றவர் ஆர்.எச். நாதன், 'தமிழ் நேச'னில் பணியாற்றியவர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை நடத்தியவர். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பட்டாளம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அடுத்த ஜனவரி 11-ஆம் தேதி ஜப்பானியர்கள் கோலாலம்பூருக்குள் வந்துவிட்டார்கள். தோட்டத்து மக்களில் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதைக்குப் போனார்கள். பெரிய துயரம் வந்து முந்திய துயரத்தை மூடிவிட்டது. நான் நடந்த வழியில் அந்த ஐவருக்கு ஒரு கல்லையும் பார்க்கவில்லை.

கல் இல்லாத இடத்தில் கதை இருக்கிறதா? இருக்கிறது, வேறு வேடத்தில்.

வானொலியில் ஓரிரவு நேயர்களிடம் கேட்டேன்: உங்கள் தோட்டத்து முனியாண்டி இப்போது எங்கே இருக்கிறார்? தொலைபேசி ஓயவில்லை. லயத்துக் கோடியில் மரத்தடி, ஒரு சூலம், சுருட்டு, எலுமிச்சம்பழம். நடுராத்திரியில் வெள்ளைக் குதிரையின் குளம்புச் சத்தம். பக்கத்திலேயே சீனர்கள் கும்பிடும் சிவப்புக் கூண்டு, அதில் சொங்கோக் போட்ட டத்தோ. அவருக்குப் பன்றி இறைச்சி படைக்கக் கூடாது. முனிக்கும் டத்தோவுக்கும் ஒரே கையால் ஊதுபத்தி வைத்த தமிழர்களும் உண்டு. தோட்டம் விற்றுத் தாமான் வந்தபோது மரம் போனது. சில முனியாண்டிகள் லாரி ஏறிக் கோயிலுக்குப் போனார்கள். சிலர் எங்கே போனார்கள் என்று சொல்ல ஆளில்லை.

அன்று பேசியவர்களில் காப்பார் பக்கத்துப் பாட்டி ஒருவர். வயது தொண்ணூறைத் தாண்டியது. பிறகு வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். "எங்கப்பா சைக்கிள் வச்சிருந்தாரு கண்ணு. துரை காடி சத்தம் கேட்டாலே இறங்கித் தள்ளிக்கிட்டு நிப்பாரு" என்று தொடங்கினார். ஏழு வயதில் ஒருநாள், அம்மா கதவைச் சாத்திப் பிள்ளைகளை மூலையில் உட்கார வைத்தாராம். வெளியே லாரிச் சத்தம், பூட்ஸ் சத்தம். "மூச்சு விடாதீங்க, முனி குதிரையில போறாரு"ன்னு அம்மா சொன்னாராம். "ரொம்ப நாளா நான் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். வளந்தப்புறம்தான் தெரிஞ்சது அது பட்டாளம்னு."

அந்தப் பாட்டி இப்போது இல்லை. இரண்டு மணி நேரப் பதிவு இருக்கிறது. முனி குதிரை கதையைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளியிருந்தால், அந்த வீட்டுக்குள் 1941 எப்படி நுழைந்தது என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பட்டம் வாங்கிய ஆராய்ச்சியாளர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தோனோவிலும் தொடக்கம் சொல்லும் ஒருவர், கேட்கும் ஒருவர், அவ்வளவுதான். கிள்ளானில் அரச நகர மரபுநடை என்று வழிகாட்டியோடு நடப்பதற்கு வழி உண்டு. முதலில் அதில் ஒருமுறை போய் வாருங்கள். அடுத்த தடவை உங்கள் வீட்டுத் தாத்தாவையோ பாட்டியையோ கூட்டிக்கொண்டு போங்கள். வெயிலுக்கு முன்னால், காலை எட்டு மணிக்குள். மெதுவாக நடங்கள், நடக்க முடியாவிட்டால் காரிலேயே சுற்றுங்கள். கைப்பேசியில் பதிவை அழுத்திவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

பேச்சு எங்கெங்கோ போகும். குறுக்கே பேசாதீர்கள். பெயர், தோட்டம், ஆண்டு மூன்றையும் மட்டும் கடைசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவை ஒரே கைப்பேசியில் வைக்காமல் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.