எந்த அடுக்கிலிருந்து எடுத்தீர்கள்?

என் மேசை மீது காகிதங்கள் பறந்துவிடாமல் இருக்க ஒரு கல்லை வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஆட்டுக்கிடாவின் கொம்பைப் போலச் சுருண்டிருக்கும். சுருளின் மேல் வரிவரியாக முகடுகள். தூத்துக்குடியில் கடற்காற்று வீசாத நாள் ஏது? ஆகவே அந்தக் கல்லுக்கு வேலை நிறைய உண்டு. வீட்டுக்கு வரும் மாணவர்கள், "இது என்ன சங்கு, சார்?" என்று கேட்பார்கள். சங்கு அல்ல, அம்மோனைட் என்பேன். கணவாய்க்குத் தூரத்து உறவான ஒரு கடலுயிரின் கூடு. இன்று உலகின் எந்தக் கடலிலும் அந்த உயிர் இல்லை என்று விளக்குவேன். கேட்பவர்கள் வியப்பார்கள். எனக்கும் சற்றுப் பெருமையாக இருக்கும்.

சென்ற ஆண்டு, பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி வியந்ததோடு நிற்கவில்லை. "இதை எந்த அடுக்கிலிருந்து எடுத்தீர்கள், சார்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் படித்த காலத்தில் பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊருக்குச் சுற்றுலா போனோம். அங்கே மழைநீர் அரித்து அரித்துச் செம்மண்ணும் களிமண்ணும் ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கும். ஓர் ஓடையின் தரையில் இந்தக் கல் கிடந்தது. பையில் போட்டுக்கொண்டேன். மேலே எந்த அடுக்கிலிருந்து அது உருண்டு வந்தது என்று அண்ணாந்து பார்க்கவும் இல்லை. ஒரு வரி எழுதி வைக்கவும் இல்லை. இவ்வளவு காலம் கழித்து அதைப் பற்றிக் கூச்சப்படுகிறேன். ஏன் என்று சொன்னால் உங்களுக்கும் பயன்படும்.

அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் ஒரு பகுதி, கிரிட்டேசியஸ் எனப்படும் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. ஏறக்குறைய 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. கடலடியில் சேறும் மணலும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிப் பாறையாயின. அந்த அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கே ஊட்டத்தூர்ப் பக்கமிருந்து கிழக்கே அரியலூர்ப் பக்கம் நடந்தால், பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்கு நடக்கிறீர்கள் என்று பொருள். ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று நிலவியலார் இவற்றுக்குப் பெயரிட்டுள்ளனர். ஒரு நாள் நடையில் சில கோடி ஆண்டுகளைக் கடந்துவிடலாம். இப்படிப்பட்ட இடம் நம் நாட்டில் அதிகம் இல்லை.

அந்த ஆண்டுக் கணக்கை எப்படிச் சொல்கிறார்கள்? வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் "கார்பன் முறை, சார்" என்பார்கள். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இது மகிழ்ச்சி தரவேண்டிய பதில்தான். ஆனால் இங்கே அது தவறு. நம் ஊருக்கு அருகில் உள்ள கொற்கைக்கு அது பொருந்தும். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த மாதிரி ஒன்றுக்குக் கார்பன் முறைப்படி கி.மு. 785ஐ ஒட்டிய காலம் கிடைத்தது. கார்பன் 14 என்ற அணு 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். கொற்கையின் 2,800 ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் மிஞ்சியிருக்கும், அளந்துவிடலாம். ஆனால் 9 கோடி ஆண்டு என்றால் 15,000 தடவைக்கு மேல் பாதியாகியிருக்க வேண்டும். ஒரு மோல் கார்பன் அணுக்களை எடுத்துக்கொண்டு பாதி பாதியாகக் குறைத்துப் பாருங்கள். 80 தடவைக்குள் கடைசி அணுவும் போய்விடும்! அரியலூர்ச் சிப்பியில் கார்பன் 14ஐத் தேடுவது வற்றிய கிணற்றில் வாளியை விடுவது போன்றது.

வேறு கதிரியக்கக் கடிகாரங்கள் இல்லையா? உண்டு. பொட்டாசியம் 40க்கு அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டு. ஆனால் அது எரிமலைச் சாம்பல் போல உருகி இறுகிய பொருளில்தான் ஒழுங்காக ஓடும். மணற்பாறையில் உள்ள மணலைச் சோதித்தால், அந்த மணல் எந்தப் பழைய பாறை உடைந்து வந்ததோ அந்தப் பாறையின் வயதே கிடைக்கும். பேரனின் வயதைக் கேட்கப் போய்த் தாத்தாவின் வயதைத் தெரிந்துகொண்டு வந்த கதை!

ஆகவே அந்த அடுக்குகளில் காலம் காட்டும் முதல் கருவி என் மேசை மீதுள்ளதைப் போன்ற கூடுதான். எல்லாக் கூடும் அதற்கு உதவாது. நம் முத்துச்சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சாக இருக்கும்போது நீரில் மிதந்தாலும், பிறகு பாரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வாழ்ந்து முடியும். பார் என்றால் நம் கடலில் சிப்பி விளையும் பாறைத் திட்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடித்தரையோடு ஒட்டி வாழும் இத்தகைய உயிர்கள் தமக்கு ஏற்ற தரை இருக்கும் இடத்தில் மட்டுமே கிடைக்கும்; அவற்றில் பல, வடிவம் பெரிதாக மாறாமலே மிக நீண்ட காலம் நிலைத்திருக்கும். அம்மோனைட் அப்படியல்ல. அறை அறையாகத் தடுத்த அதன் கூட்டுக்குள் வாயு இருந்ததால் நீரில் மிதந்தது. திறந்த கடலில் வெகுதூரம் பரவியது. இன்று அதே அமைப்பில் இருப்பது நாட்டிலஸ் ஒன்றுதான். நாட்டிலஸ் இறந்த பின்னும் அதன் கூடு மிதந்துபோய், அது வாழாத கரைகளிலும் ஒதுங்குகிறது. அம்மோனைட் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தன என்பது அதைவிடப் பெரிய வசதி. முகடு, முள், சுருளின் இறுக்கம், அறைத் தடுப்பின் நெளிவு எல்லாம் இனத்துக்கு இனம் மாறும். ஓர் இனம் சில இலட்சம் ஆண்டுகளே வாழ்ந்து, அதற்குள் பல கடல்களுக்குப் பரவியிருந்தால், அது கிடைக்கும் அடுக்குகள் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே காலத்தவை அல்லவா? (கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமக் கற்களிலும் பல அம்மோனைட்டுகளே. ஆனால் அவை பெரும்பாலும் கிரிட்டேசியசுக்கு முந்திய ஜுராசிக் காலத்தவை.)

இதே உத்தியை மனிதர் செய்த பொருளிலும் காணலாம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியில் செய்யப்பட்ட ஒருவகைச் சிவப்புப் பானையின் ஓடுகள் கிடைத்தன. அந்தப் பானை எப்போது செய்யப்பட்டது என்பது இத்தாலியில் தெரிந்த செய்தி. அந்த ஓட்டுடன் ஒரே அடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பானைகளுக்கும் காலம் தெரிந்துவிட்டது. ஒரே அடுக்கில் கிடந்தன என்ற செய்திதான் அங்கே உயிர். அடுக்கைக் குறிக்காமல் ஓட்டை மட்டும் கூடையில் அள்ளிப் போட்டிருந்தால் வீலருக்கு ஒன்றும் தெரிந்திராது.

நம் பாறைகளின் வரலாற்றிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கிருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற பேரறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். அவர் இந்தியாவைக் கண்டவரே அல்லர். கூடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, இவை கிரிட்டேசியஸ் காலத்தவை என்று சரியாகச் சொன்னார். ஆனால் வரிசையில் தவறினார். புதுச்சேரிப் படிவுகள் மற்ற இரண்டையும்விடப் பழையவை என்று கருதினார். பிற்பாடு வியன்னாவைச் சேர்ந்த கோஸ்மாட் 1890களில் மீண்டும் ஆராய்ந்தபோது, புதுச்சேரியை அடுத்த வழுதாவூர்ப் படிவுகள் கிரிட்டேசியஸின் இறுதிப் பகுதியை ஒட்டியவை என்று தெளிந்தது. அடுக்கு வரிசை கையில் இல்லாததுதான் ஃபோர்ப்ஸின் பிழைக்கு ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். அக்காலத்தில் அம்மோனைட் பற்றிய அறிவே குறைவு. ஆனாலும் பெட்டியில் வந்த கூடு எத்தனை பேசும், எங்கே ஊமையாகிவிடும் என்பதை இது காட்டுகிறது.

நேரில் நடந்து அடுக்குகளைப் பார்த்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு. மூன்று தொகுதிகளாகப் பிரித்த அவரது அறிக்கை 1862இல் வந்தது. அதே ஆண்டு அத்துறையில் சேர்ந்த ஸ்டோலிஸ்கா என்ற இளைஞர், இடம் குறித்துத் திரட்டப்பட்ட அந்தப் படிவங்களைக் கல்கத்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்து விவரித்தார். 1873க்குள் பெரும் தொகுதிகள் வெளியாயின. மறு ஆண்டு, யார்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் மலைகளில் இறந்துபோனார். வயது 36. தென்னிந்திய கிரிட்டேசியஸை ஆராயும் எவரும் இன்றும் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் இருக்க முடியாது. நம் அம்மோனைட்டுகளுக்கு மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் ஜப்பானிலும் உறவினர் இருப்பது இத்தகைய உழைப்பினால்தான் தெரிந்தது.

இதுவரை ஆண்டுக் கணக்கே வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? முந்தியது எது, பிந்தியது எது, எதனோடு எது சமகாலம் என்பவை மட்டுமே கூட்டினால் தெரியும். எண் வேறு இடத்திலிருந்து வரவேண்டும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அம்மோனைட் அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் உள்ளன. அந்தச் சாம்பலைப் பொட்டாசியம் முறையில் அளந்து, ஒப்ரடோவிச், காப்பன் இருவரும் 1975இல் அம்மோனைட் வரிசைக்கே ஆண்டுக் கணக்கு எழுதினார்கள். பிறகு அந்த எண்கள் மேலும் திருத்தம் பெற்றன. அங்குள்ள உள்நாட்டுக் கடலின் இனங்கள் பல நம்மிடம் இல்லை. அங்கும் ஐரோப்பாவிலும் பொதுவாக உள்ளவை, ஐரோப்பாவிலும் இங்கும் பொதுவாக உள்ளவை என்று கைமாறிக் கைமாறித்தான் அந்த எண் நம் பாறைக்கு வந்து சேர்கிறது. பௌதிகக் கருவிதான் உயர்ந்தது, சிப்பி பொறுக்குவது இரண்டாம்தர வேலை என்று நான் இளமையில் நினைத்ததுண்டு. சிப்பி இல்லாவிட்டால் அந்தக் கருவி தந்த எண் அமெரிக்காவிலேயே கிடந்திருக்கும்.

இப்போது சுற்றுலாவுக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆண்டும் பள்ளிகளும் கல்லூரிகளும் மாணவர்களை அங்கே அழைத்துப் போகின்றன, மிக நல்லது. ஆனால் திரும்பும்போது ஆளுக்கு நாலு கல் பையில் வருகிறது. ஆசிரியர்களும் தடுப்பதில்லை. "நாம் எடுக்காவிட்டால் மழையில் கரையும், அல்லது சிமெண்டு ஆலைக்குப் போகும்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தில் கூடும் அடுக்கும் சேர்ந்தே அழிகின்றன. அங்கே முறையாகத் திரட்டுவது காப்பாற்றுவதே. ஆனால் குறிப்பில்லாமல் எடுத்து வந்து அலமாரியில் வைத்தால் கல் பிழைக்கும். அது சொல்லவேண்டிய செய்தி போய்விடும். சுரங்கம் செய்வதை நாமும் கையால் செய்ததாகத்தானே ஆகிறது?

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியைத் தூர்வாரியபோது பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. டைனசார் முட்டை என்று செய்தி பரவிக் கூட்டம் கூடியது. அவை முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றிக் கனிமம் திரண்ட உருண்டைகள் என்று நிலவியல் அறிந்தவர்கள் விளக்கினார்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று பார்ப்பவனுக்கு அந்த மயக்கம் எளிதில் வராது. அது கடல் படிந்த அடுக்கு.

முத்துக்குளித்த ஊர்க்காரர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1961வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பை அறிவிக்கும் முன் பார்களைச் சோதித்து மாதிரிச் சிப்பி எடுத்து வந்து பார்ப்பார்கள். தொலாயிரம் பாரில் எடுத்ததா, வேறு பாரில் எடுத்ததா என்று சொல்லத் தெரியாத மாதிரியை யார் மதித்திருப்பார்கள்?

ஆகவே என் கருத்து இது. சாத்தனூரில் உள்ள 18 மீட்டர்க் கல்மரம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு துணுக்கையும் தொடக்கூடாது. மற்ற இடங்களிலும் எடுப்பதற்கு முன் எழுத வேண்டும்: பாறையில் பதிந்திருந்ததா, தரையில் உதிர்ந்து கிடந்ததா; அந்த அடுக்கு களிமண்ணா, மணற்கல்லா, சுண்ணாம்புக்கல்லா; அதற்கு மேலே எது, கீழே எது; கூடவே வேறு என்ன கிடந்தது. இன்று ஆசிரியரின் கைப்பேசியே இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் சொல்லிவிடும். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமும் எடுத்துவிடலாம். இவற்றை எழுத நேரமில்லை என்றால் கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும். சுற்றுலா அறிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியர்களும், கொண்டுவந்த கற்களை எண்ணாமல் எழுதிய குறிப்புக்கு மதிப்பெண் போடவேண்டும்.

அந்த மாணவி போன பிறகு நான் என் கல்லைத் திருப்பி, அடியில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டினேன். "காரை. ஓடைத் தரையில் உதிர்ந்து கிடந்தது. அடுக்கு தெரியாது" என்று எழுதினேன். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று யோசித்துப் பார்த்தேன். ஆண்டு நினைவுக்கு வந்தது, மாதம் வரவில்லை.