மழையில் கொடுத்த கோப்பை

விளையாட்டுப் பந்தயங்களின் முடிவுகள் மறுநாள் பத்திரிகையில் ஒரு மூலையில் வெளியாகி, அதற்கடுத்த நாள் மறக்கப்படுவது வழக்கம். யார் எத்தனை அடிகளில் ஆட்டத்தை முடித்தார், யாருக்கு எவ்வளவு பரிசுப் பணம் என்பதெல்லாம் பந்தயத்தை நேரில் பார்த்தவர்களுக்கே பத்து நாளில் நினைவிலிராது. ஆயினும் 1963-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த நேட்டால் ஓப்பன் கோல்ப் பந்தயத்தின் முடிவு மறக்கத் தகாதது. அறுபது வருஷங்களுக்கு முன் கடல் கடந்த நாட்டில் நடந்த பணக்கார ஆட்டத்தைப் பற்றி வேலூர், ஆம்பூர் வாசிகளுக்கு எழுதப் புகுந்தது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். தக்க காரணம் உண்டு.

அந்தப் பந்தயத்தில் வென்றவர் பாப்வா செவ்கோலும் என்னும் இந்தியர். வெள்ளையர் ஆடும் மைதானத்தில் அவர்களுடைய பையைத் தூக்கி நடந்த கூலிப் பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆசானிடம் பயிலாமல் தாமே ஆடிப் பழகியதால், மற்றவர்களைப் போல் மட்டையைப் பிடிக்காமல், இடது கையை வலது கைக்குக் கீழே வைத்துப் பிடிப்பார். நிபுணர்கள் இதைக் கண்டு நகைத்தார்கள். அந்தப் பிடியைக் கொண்டே அவர் 1959, 1960-ம் வருஷங்களில் ஐரோப்பா சென்று ஹாலந்து ஓப்பன் பந்தயத்தை இரு முறை வென்று திரும்பினார். 1964-ல் மூன்றாம் முறையும் வென்றார்.

ஹாலந்தில் அவரை மனிதராக வரவேற்றவர்கள் இருந்தார்கள். பிறந்த ஊரில் நடந்தது வேறு. நேட்டால் பந்தயத்தில் வெள்ளை ஆட்டக்காரர்கள் அனைவரையும் வென்ற அவருக்குக் கிளப் மண்டபத்துக்குள் கால் வைக்க உரிமையில்லை. அன்று மழை பெய்து கொண்டிருந்தது. தோற்றவர்கள் உள்ளே நனையாமல் இருந்தார்கள். வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக் கொண்டார். அந்தக் காட்சியின் புகைப்படம் உலகமெங்கும் பரவிற்று. நிறவெறியைக் கண்டித்து எழுதப்பட்ட எத்தனையோ தீர்மானங்கள் செய்யாத வேலையை அந்த ஒரு படம் செய்தது. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்திற்குத் தென்னாப்பிரிக்கா அழைக்கப்படவில்லை. 1970-ல் ஒலிம்பிக் சங்கத்திலிருந்தே அது விலக்கப்பட்டது.

1965-ல் அதே நேட்டால் பந்தயத்தில் செவ்கோலும் மறுபடியும் வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர்களில் உலகப் புகழ் பெற்ற காரி பிளேயரும் ஒருவர். அரசாங்கம் இதைப் பொறுக்கவில்லை. பின்னர் அந்நாட்டின் பெரும் பந்தயங்கள் அவருக்கு மூடப்பட்டன, பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டது. ஆடத் தெரிந்தவனுக்கு ஆட இடமில்லாமற் செய்வது கொல்லாமற் கொல்வதாகும். 1978-ல் வறுமையில் அவர் காலமானார். இன்று டர்பனில் ஒரு கோல்ப் மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. செத்தபின் செய்யும் மரியாதை வாழ்ந்தபோது பட்ட அவமானத்தைத் துடைக்குமா?

இனி நமக்கு வருவோம். 1860 நவம்பர் 16-ந் தேதி டர்பன் கரையில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய ட்ரூரோ கப்பல் புறப்பட்டது மதராஸ் துறைமுகத்திலிருந்து. 1911 வரையில் நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கூலிகளில் பெரும்பாலோர் மதராஸ் வழியாகச் சென்றவர்கள். அவர்களில் வட ஆற்காடு ஜில்லாவினர் ஏராளம். பாலாற்றங்கரைக் கிராமங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கப்பலேறியவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 1894-ல் எஜமானனிடம் அடிபட்டு, தலைப்பாகையைக் கையில் ஏந்தி இரத்தம் ஒழுகக் காந்தியடிகளின் வக்கீல் அறைக்கு வந்த பாலசுந்தரம் ஒரு தமிழர். செவ்கோலும் தமிழரா, வடநாட்டவரா என்று ஆராய்வது இங்கு அநாவசியம். மழையில் நின்றது அந்தக் கரும்புத் தோட்டக் கூலிகளின் சந்ததி. நம் உறவு முறையில் சேர்ந்தது.

ஆகவே அந்த அவமானத்தைக் கேட்டு நாம் கோபிப்பது நியாயமே. ஆனால் கோபிக்கும் உரிமையைக் காத்துக் கொள்ள நம் வீட்டு வாசலையும் பார்த்துக் கொள்ள வேண்டும். 2014 ஜூலையில், சென்னைச் சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேஷ்டி உடுத்தி வந்தார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாசலிலேயே தடுக்கப்பட்டார். 2017 ஜூனில் தில்லி கோல்ப் கிளப்பின் போஜன மண்டபத்திலிருந்து, தம் இனத்தின் உடையணிந்து விருந்தினராக வந்த காசி மாதொருத்தியை, வேலைக்காரி போல் தோன்றுகிறாள் என்று சொல்லி வெளியேறச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் 1947-ல் போய்விட்டான்; அவன் கதவில் மாட்டிய பலகை இன்னும் தொங்குகிறது. நீதிபதி விஷயத்தில் தமிழ்நாட்டுச் சட்டசபை உடனே ஒரு சட்டம் இயற்றியது பாராட்டத்தக்கது. நீதிபதிக்கு நேர்ந்ததால் சட்டம் வந்தது. கூலிக்காரனுக்குத் தினமும் நேர்வதற்கு அத்தனை விரைவில் பரிகாரம் வருவதில்லை.

ஒரு சங்கம் தன் அங்கத்தினரைத் தானே தேர்ந்தெடுக்கலாகாதா என்று சிலர் வாதிப்பார்கள். தாராளமாய்த் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் அழைத்த விருந்தினரை உடையையும் முகத்தையும் பார்த்துத் துரத்துவதற்கு அந்த உரிமை இடங்கொடாது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடைகளையும் ஓட்டல்களையும் பொதுக் கேளிக்கை இடங்களையும் ஜாதி மத பேதமின்றித் திறந்துவிட்டது. தனிச் சங்கம் என்ற திரைக்குப் பின்னே ஒதுங்கி அதன் கருத்துக்கு விரோதமாய் நடப்பது சட்டத்துக்குத் தப்பலாம், தர்மத்துக்குத் தப்பாது. அதிலும் சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு அனுபவிக்கும் சங்கங்கள் பொதுஜனங்களின் நிலத்தில் நின்றுகொண்டு அந்தப் பொதுஜனங்களையே இழிவு செய்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இன்னும் கிட்டே வருவோம். தோலைத் தொட்டவன் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் நம்முடையது. வேலூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியில் கை நனைக்கும் தொழிலாளியும், ஆம்பூர்த் தொழிற்சாலையில் ஷூவின் மேல்தோலைத் தைக்கும் பெண்ணும் செய்து அனுப்பும் சரக்கு, உலகின் மிக உயர்ந்த மண்டபங்களில் தடையின்றி நடமாடுகிறது. செய்த கை மட்டும் ஏன் வாசலில் நிற்க வேண்டும்? 1939-ல் ஸ்ரீ வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களை மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எந்தக் கிராமத்து டீக்கடையிலாவது ஒருவனுக்குத் தனிக் குவளை வைக்கப்படுமானால், அந்தக் கடைக்காரனும் டர்பன் கிளப் காரியதரிசியும் ஒரே குலத்தவர். டர்பனில் மழை பெய்தது. இங்கே வெயில் காய்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

சந்தர்ப்பம் கிடைத்தால் உழைக்கிறவன் எவ்வளவு உயர்வான் என்பதற்கு நம் நாட்டிலும் சாட்சியுண்டு. 1964-ல் தொடங்கிய இந்தியன் ஓப்பன் பந்தயத்தை 1991-ல் வென்ற அலி ஷேர், தில்லி மைதானத்தில் பை தூக்கியவர். தொழில்முறை ஆட்டக்காரரான இந்தியர் அப்பந்தயத்தை வென்றது அதுவே முதல் தடவை. 1993-ல் மறுபடியும் வென்றார். பை தூக்கும் ஒவ்வொரு பையனுக்குள்ளும் ஒரு அலி ஷேர் இருக்கிறான் என்று நாம் சொல்லவில்லை. இருக்கிறானா இல்லையா என்று பார்க்க அவன் கையில் ஒரு தரமாவது மட்டையைக் கொடுக்க வேண்டும் என்கிறோம்.

நாம் கோருவது அதிகமன்று. சர்க்கார் நிலத்தில் நடக்கும் ஒவ்வொரு விளையாட்டுச் சங்கமும், அங்கே பணி செய்வோரின் குழந்தைகளுக்கு இலவசமாய்ப் பயிற்சி தர வேண்டுமென்று குத்தகைப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதப்பட வேண்டும். உடையைக் காரணங்காட்டி விருந்தினரைத் தடுக்கும் சங்கத்தின் மீது 2014-ம் வருஷச் சட்டம் தயவு தாட்சண்யமின்றிப் பிரயோகிக்கப்பட வேண்டும். தோல் தொழிலால் செழித்த நம் ஊர்களின் முதலாளிகள், தம் தொழிலாளர் குழந்தைகளுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு நல்ல விளையாட்டு மைதானம் அமைத்துக் கொடுக்க முன்வர வேண்டும். அப்படிச் செய்யும் நாளில், மழையில் நனைந்த அந்தக் கோப்பைக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்காவது தீரும்.