பெயரை மறைப்பது ஏன்?

மொட்டைக் கடிதம் எழுதுபவரைக் கோழை என்கிறோம். பொய்ப் பெயரில் எழுதுபவரை ஏமாற்றுக்காரர் என்கிறோம். அவர் ஏன் மறைந்து நின்றார் என்று நாம் கேட்பதில்லை.

1722ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பெஞ்சமின் பிராங்ளின் என்ற 16 வயதுப் பையன் தன் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகினான். தான் எழுதியது என்று தெரிந்தால் அண்ணன் பத்திரிகையில் போடமாட்டார் என்று எண்ணினான். ஆகவே கையெழுத்தை மாற்றி, ஒரு நடுத்தர வயது விதவை எழுதுவதுபோல் எழுதி, இரவில் அச்சகக் கதவின் கீழே தள்ளிவிட்டான். அண்ணனும் நண்பர்களும் வாசித்துப் பாராட்டினர். 14 கடிதங்கள் வெளிவந்தன. எழுதிய கை அதேதான்; பெயர் மாறியதும் மதிப்பு வந்தது.

பிறர்மீது பழி போடவும் காசு பறிக்கவும் போடும் வேடத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அச்சத்தாலும் அலட்சியத்தாலும் பிறக்கும் வேடத்துக்குக் கேட்க மறுத்தவர்களும் பொறுப்பாளிகளே.

இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் கூடும்போது, காணி பற்றியும் விதைநெல் பற்றியும் பேசுவோர் யார்? இளையோரும் கணவனை இழந்த பெண்களும் பின்வரிசையில் மௌனமாக இருந்தால், அடுத்த கூட்டத்தில் அவர்களையே முதலில் பேச அழைப்போம். சொந்தப் பெயரில் சொல்லும் குறைக்குச் செவி கிடைத்தால் மொட்டைக் கடிதங்கள் தாமாகவே குறையும்.