ஏல விலையைக் காட்டு, பிறகு காசைக் கேள்

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்தது. இப்ப ஈச்சிலம்பற்றுப் பொடியன்மாரின்ட போனிலயும் "ஜப்பான் ஏலத்தில ஸ்போர்ட்ஸ் கார், ஹோல்சேல் விலை" விளம்பரம்தான்.

ஜப்பானின் பெரிய வாகன ஏலங்களில் அங்கத்தவர்தான் விலை கேட்கலாம். ஆகவே புரோக்கர் வேணும்தான், அதை நாங்க மறுக்கல்ல. ஆனா எடுத்த விலையை அவர் மறைச்சா, அது என்ன ஹோல்சேல்?

அசல் ஏலத்தாளைக் கேளுங்க. தரம் 'ஆர்' எண்டு இருந்தா, அடிபட்டுத் திருத்தின கார். கூலியைத் தொகையாக எழுதி வாங்குங்க. வீதக் கணக்கெண்டா, விலை கூடக்கூட அவருக்குத்தான் லாபம். சுங்க வரி, உற்பத்தி வரி, ஆடம்பர வரி, வற் எல்லாம் சேர்த்த கணக்கு வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

அக்காமார் வெளிநாட்டில உழைச்ச காசு அது. கணக்குக் கேட்கிறது மரியாதைக்குறைவு இல்ல; கேட்டாக் கோவிக்கிற புரோக்கரை விட்டு விலகுங்க.