வாய்மொழியும் சாட்சியமே

அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் 1951 முதல் 1992 வரை 928 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. ஆவணங்களை அரசாங்கம் பல்லாண்டு காலம் பூட்டி வைத்தது. வேலை செய்தோரின் வாயை இரகசியக் காப்பு விதி அடைத்தது. காற்றடித்த திசையில் வாழ்ந்து நோயுற்றோருக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1990இலேதான் பிறந்தது.

2003இல் லாஸ் வேகாஸ் நகரிலுள்ள நெவாடாப் பல்கலைக்கழகம் வாய்மொழி வரலாற்றைத் திரட்ட முற்பட்டது. விஞ்ஞானிகள், தொழிலாளிகள், அம்மண்ணின் பழங்குடியினர், சோதனையை எதிர்த்து மறியல் செய்தோர் என 150 பேருக்கு மேற்பட்டோரின் கூற்றுகளை 2008 வரை பதிந்தது. குண்டைச் செய்தவரையும் எதிர்த்தவரையும் ஒரே தொகுப்பில் ஏற்றியமையே அப்பணியின் நேர்மை.

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இதிலே பாடமுண்டு. 1981இல் எமது நூலகம் எரிந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரிழந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏடும் காணி உறுதியும் அழிந்தபின், எந்த வேலி யாருடையது, எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு என்று சொல்ல முதியோரின் நாவன்றி வேறென்ன உண்டு?

வாய்மொழி தவறும் என்பர். எழுத்தும் தவறும். சாட்சிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி எடைபோடுவதே நீதிமன்ற முறை. ஆகவே சனசமூக நிலையந்தோறும் முதியோர் கூற்றைப் பதிக. வெளியேற்றப்பட்ட முஸ்லிம் அயலவரையும் தேடிச் சென்று கேட்க. எமக்கு இனிப்பவற்றை மட்டும் பதிவோமாயின், அது கட்சிக்காரனுக்காக எழுதிய மனுவேயன்றி வரலாறாகாது.

சாட்சிகள் ஒவ்வொருவராய் மறைகின்றனர். வழக்கோ இன்னும் முடியவில்லை.