கைதிகள் வெட்டிய ஏரி

பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். நடுவில் பாதி மூழ்கிய பாழடைந்த கட்டடம். கரையில் வெள்ளை வெளேரென்று ஒரு குன்று. போட்டோவில் பார்த்தால் சினிமாவுக்குப் போட்ட செட் என்றே தோன்றும். எஸ்டோனியா நாட்டில், தலைநகர் தாலினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ரும்மு கிராமத்தில் இருக்கிறது இந்த ஏரி.

ஏரி என்று சொன்னாலும் இது சுண்ணாம்புக்கல் குவாரி. பக்கத்திலேயே முர்ரு சிறைச்சாலை. சோவியத் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்த கைதிகளைத்தான் கல் வெட்ட அனுப்பினார்கள். இன்று படம் எடுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! அந்த வெள்ளைக் குன்றுகூட மலை இல்லை. குவாரியில் வேண்டாமென்று கொட்டிய கழிவுதான் மலையாகக் குவிந்துவிட்டது. மழை அதை அரித்து அரித்து, சேலை மடிப்பு மாதிரி வரிவரியாக ஆக்கியிருக்கிறது.

குவாரியின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே. ஊற்று சுரந்துகொண்டே இருக்கும். பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும். 1991-ல் எஸ்டோனியா சுதந்திரம் அடைந்தது. அதையொட்டி குவாரி வேலை நின்றது, பம்புகளும் நின்றன. தண்ணீர் மளமளவென ஏறியதில், கட்டடங்களோடு சில இயந்திரங்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டன.

இப்போது ஸ்கூபா டைவிங் செய்பவர்கள் தேடி வருவது அவற்றைப் பார்க்கத்தான். அலை இல்லை, நீரோட்டம் இல்லை, ஆழமும் மிரட்டுகிற அளவுக்கு இல்லை. கீழே போனால் சுவர்கள், ஜன்னல் ஓட்டைகள், துருப்பிடித்த இரும்பு, நின்ற இடத்திலேயே மூழ்கிப்போன மரங்கள். ஆனால், காலில் மாட்டிய துடுப்பு அடியில் லேசாக உரசினாலே போதும், வண்டல் கிளம்பி எதிரே இருப்பது தெரியாது. கோடையில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சில மீட்டர் இறங்கியதும் சட்டென்று உடம்பு நடுங்கும். பழகியவர்கள்கூடத் தடிமனான உடை இல்லாமல் இறங்குவதில்லை.

பயிற்சியோடு இறங்குபவர்களைவிட, கட்டடத்தின் மேல் ஏறி நின்று குதிக்கிற இளைஞர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மேலிருந்து பார்த்தால் தெளிந்த தண்ணீர். அடியிலோ நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும் உடைந்த கான்கிரீட்டும். இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னாலும், படத்துக்காகக் குதிக்கிறவர் காதில் அது விழுவதில்லை.

சிறையை 2012-ல் மூடிவிட்டார்கள். கைதிகள் தப்பி ஓடாமலிருக்கப் போட்ட முள்கம்பி மட்டும் தண்ணீருக்கடியில் ஆங்காங்கே இன்னும் கிடக்கிறது. சிக்கிக்கொண்டால் அறுத்துக்கொண்டு வெளியேற, டைவர்கள் உடம்போடு ஒரு வெட்டும் கருவியைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.